கண் கொட்டுவது பரம்பரையா?

குடியாத்தத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கும் கேள்வியின் சுருக்கம் இது. எட்டு வயது மகன் ஆறு மாதமாகக் கண்ணைக் கொட்டிக் கொட்டிப் பார்க்கிறான். கைத்தறி நெய்து வந்த அவன் தாத்தாவுக்கு வயது 68; அவரும் ஆறேழு வருடமாக அதே மாதிரி கொட்டுகிறார். தாத்தா இந்தத் தாய்க்கு மாமனார் மட்டுமல்ல, சொந்தத் தாய்மாமனும்கூட. மாமன் மகனைத்தான் கட்டியிருக்கிறார். "சொந்தத்தில் கட்டியதால் வந்ததா? கண் கொட்டுவது பரம்பரையா? அடுத்த குழந்தைக்கும் வருமா?"

முதலில் நேரடியான பதில். பையனுக்கும் தாத்தாவுக்கும் இருப்பது ஒரே கோளாறாக இருக்க வாய்ப்பு குறைவு. ஒருவருக்கு ஏழெட்டு வயதில் ஆரம்பிக்கிறது, இன்னொருவருக்கு அறுபதைத் தாண்டி. வெளியில் தெரிவது இரண்டு பேருக்கும் கண் கொட்டல்தான், ஆனால் உள்ளே காரணம் வேறாக இருக்கலாம். மரபின் பங்கு இல்லை என்று சொல்ல வரவில்லை, பங்கு உண்டு. ஆனால் "கண் கொட்டும் மரபணு" என்று ஒன்று இல்லை. இமையின் அமைப்பு, கண்ணீர்ச் சுரப்பி, இமை ஓரத்து எண்ணெய்ச் சுரப்பிகள், கண் மேற்பரப்பின் உணர்ச்சி, மூளையில் இமைப்பைக் கிளப்பும் சுற்று, ஒவ்வாமைக்கு ஆளாகும் உடல்வாகு என்று பல உறுப்புகளும் இயல்புகளும் தனித்தனியாக இறங்கி வருகின்றன. இவற்றில் எது கெட்டாலும் வெளியில் ஒரே அறிகுறிதான். அதனால் "பரம்பரையா?" என்று கேட்பதற்கு முன்னால் "எந்த உறுப்பு?" என்று கேட்க வேண்டும்.

ஒரு இமைப்பு எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் மீதி எல்லாம் விளங்கும். கண்ணைச் சுற்றி வளையமாக ஒரு தசை இருக்கிறது. அதை முகநரம்பு, அதாவது ஏழாவது கபால நரம்பு, சுருக்கினால் இமை மூடுகிறது. மேல் இமையைத் தூக்கும் தசை வேறு. அதற்கு மூன்றாவது நரம்பு. மூடும்போது தூக்கும் தசை தளர வேண்டும், திறக்கும்போது வளையத் தசை விட வேண்டும். இந்த இரண்டும் மாறி மாறி வேலை செய்து முடிக்க ஒரு நொடியில் பத்தில் ஒன்று முதல் பத்தில் நாலு பங்கு நேரம் ஆகிறது. ஒரு மாத்திரை என்று நம் இலக்கணம் வைத்த அளவே இயல்பாக ஒருமுறை இமைக்கும் நேரம்தான். தேவர்களை இமையவர் என்று சொல்வதும் அவர்கள் கண் இமைக்காது என்பதால். மனிதனுக்கு அந்த வசதி இல்லை, ஏனென்றால் அவன் கருவிழி மேல் கண்ணீர்ப் படலம் ஒன்று எப்போதும் விரிந்திருக்க வேண்டும். அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் மூன்று பங்கு அளவுதான். அடியில் வழவழப்பான சளி, நடுவில் நீர், மேலே மெல்லிய எண்ணெய். எண்ணெய் சரியாக இருந்தால் நீர் சீக்கிரம் ஆவியாகாது. நல்ல கண்ணில் இமைக்காமல் விட்டால் படலம் உடையப் பத்து நொடிக்கு மேல் ஆகும். ஐந்து நொடிக்குள் உடைந்தால் கண் எரிந்து, இமை அடிக்கடி மூடத்தான் செய்யும்.

எத்தனை தடவை கொட்டினால் அதிகம்? இதற்கு ஒற்றை எண் கிடையாது. 1997இல் வெளியான ஓர் ஆய்வில் நலமாக இருக்கும் 150 பேரை எண்ணிப் பார்த்தார்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போது நிமிடத்துக்குச் சராசரி 17, பேசும்போது 26, படிக்கும்போது நாலரை. ஒரே ஆள், ஒரே கண், ஆனால் செய்யும் வேலையைப் பொறுத்து ஐந்து ஆறு மடங்கு வித்தியாசம். பிறந்த குழந்தை நிமிடத்துக்கு இரண்டு தடவை கொட்டினாலே அதிகம்; வளர வளரக் கூடி, பருவ வயதில் பெரியவர்கள் அளவை எட்டும். மாலை எட்டரை மணி வாக்கில், களைப்பில், எல்லோருக்கும் கூடும். ஆகவே தாத்தா திண்ணையில் பேசிக்கொண்டிருக்கும்போது கொட்டுவதையும், பேரன் டிவி பார்க்கும்போது கொட்டுவதையும் பக்கத்தில் வைத்து "அப்படியே உரித்து வைத்திருக்கிறது" என்று முடிவு செய்ய முடியாது.

எண்ணிப் பாருங்கள், ஆனால் முறையாக. பையனிடம் எதற்கு என்று சொல்லக் கூடாது. கவனிக்கிறார்கள் என்று தெரிந்த உடனே எண்ணிக்கை மாறிவிடும். செல்போனை ஒரு மீட்டர் தள்ளி, முகத்துக்குச் சற்றுப் பக்கவாட்டில், அசையாமல் நிறுத்துங்கள். காலை பத்திலிருந்து மாலை ஐந்துக்குள். மின்விசிறிக் காற்று முகத்தில் படக் கூடாது, ஜன்னல் வெளிச்சம் கண்ணுக்கு நேராக அடிக்கக் கூடாது. மூன்று தனித்தனிப் பதிவு எடுக்க வேண்டும்: சும்மா சுவரைப் பார்த்தபடி ஐந்து நிமிடம், உங்களோடு பேசியபடி ஐந்து நிமிடம், பாடப் புத்தகம் படித்தபடி ஐந்து நிமிடம். ஒவ்வொன்றிலும் முதல் நிமிடத்தைக் கழித்துவிட்டு மீதி நாலு நிமிடத்தை எண்ணி நாலால் வகுங்கள். பிறகு மெதுவாக ஓட்டிப் பார்த்து, இமை முழுதாக மூடியது எத்தனை, பாதியிலேயே திரும்பியது எத்தனை என்று பிரித்து எழுதுங்கள். பாதி இமைப்பு நிறைய இருந்தால் கருவிழியின் கீழ்ப்பகுதி நனையாமல் காய்கிறது என்று பொருள். திரையை உற்றுப் பார்ப்பவர்களிடம் இது சகஜம். இதை மூன்று வெவ்வேறு நாளில் செய்யுங்கள். தாத்தாவுக்கும், பையனின் அப்பாவுக்கும் இதே நிலைமையில், இதே நேரத்தில் எடுங்கள். கண் மருத்துவரிடம் காட்ட இந்தப் பதிவைவிட நல்ல சாட்சி இல்லை, ஏனென்றால் ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்த உடன் பல பிள்ளைகள் கொட்டுவதை நிறுத்திவிடுவார்கள்.

இனி மரபுக்கு வருவோம். ஒரு பண்பில் மரபின் பங்கை அறிய இரட்டையர்களை ஒப்பிடுவது பழைய வழி. ஒத்த இரட்டையருக்கு மரபணு முழுதும் ஒன்று, மற்ற இரட்டையருக்குச் சராசரியாகப் பாதி. முதல் வகையினர் இரண்டாம் வகையினரைவிட எவ்வளவு கூடுதலாக ஒத்துப்போகிறார்கள் என்பதிலிருந்து கணக்கிடுவார்கள். பிரிட்டனில் பெண் இரட்டையரிடம் நடந்து 2014இல் வெளியான ஆய்வில், கண் உலர்வின் தொந்தரவுகளில் மரபின் பங்கு சுமார் 30 விழுக்காடு, மருத்துவர் கண்டறிந்த கண் உலர்வில் சுமார் 40 விழுக்காடு என்று வந்தது. அதிர்ச்சிச் சத்தம் கேட்டால் வரும் திடுக்கிடும் இமைப்பின் வலிமையிலும் மரபுக்குக் கணிசமான பங்கு இருப்பது இரட்டையர் ஆய்வுகளில் தெரிகிறது.

இந்த 40 என்ற எண்ணைப் பலர் தவறாகப் படிக்கிறார்கள். "என் கண் உலர்வில் நாற்பது பங்கு அப்பாவிடமிருந்து, அறுபது பங்கு புழுதியிலிருந்து" என்று அதற்குப் பொருள் இல்லை. மல்லாட்டையை, அதாவது நிலக்கடலையை, வைத்துச் சொன்னால் விளங்கும். பலவிதமான விதை கலந்த பையை எடுத்து, ஒரே கிணற்றுப் பாசனத்தில், ஒரே மண்ணில் விதைத்தால் செடிக்குச் செடி தெரியும் வித்தியாசம் பெரும்பாலும் விதையால் வருவது. அதே பையை மூன்று ஊரின் மானாவாரிக் கொல்லையில் விதைத்தால் வித்தியாசத்துக்குக் காரணம் பெரும்பாலும் மழை. விதை மாறவில்லை, ஆனால் "விதையின் பங்கு" என்ற எண் மாறிவிட்டது. பிரிட்டன் பெண்களிடம் வந்த 40, சித்திரை வெயிலில் தறிக்குழியில் கால் வைத்து உட்கார்ந்திருக்கும் நெசவாளிக்கு அப்படியே பொருந்தாது. இங்கே பஞ்சுத் தூசியும் வறண்ட காற்றும் உற்றுப் பார்க்கும் வேலையும் சேர்ந்து வருகின்றன.

மூளைப் பக்கமும் ஒரு கதை உண்டு. அதை வைத்து நிறைய மிகைப்படுத்திப் பேசுகிறார்கள். டோபமைன் என்ற மூளை வேதிப்பொருள் குறைந்தால் இமைப்பு குறைகிறது. பார்க்கின்சன் நோயாளிகள் நிமிடத்துக்கு மிகக் குறைவாகவே இமைப்பார்கள், முகம் உறைந்தது போல் தெரியும். குரங்குகளுக்கு டோபமைனைப் போல் வேலை செய்யும் மருந்தைக் கொடுத்தால் இமைப்பு கூடுகிறது. 1980களில் இந்த எண்ணம் வலுப்பெற்று, ஆள் எத்தனை தடவை கொட்டுகிறார் என்று பார்த்தே அவர் டோபமைன் அளவைச் சொல்லலாம் என்றார்கள். டோபமைனோடு தொடர்புள்ள மரபணுக்களில் காணும் சிறு வேறுபாடுகளையும் இமைப்போடு சேர்த்து ஆராய்ந்தார்கள். ஆனால் 2017, 2018இல் நலமாக இருப்பவர்களின் மூளையை நேரடியாகப் படம் பிடித்து அளந்த ஆய்வுகளில், இமைப்பு எண்ணிக்கைக்கும் டோபமைன் அளவுக்கும் தொடர்பு கிடைக்கவில்லை. நோயில் டோபமைன் பெருமளவு சரிந்தால் இமைப்பு மாறும். சாதாரண மனிதர்களுக்கிடையே காணும் சிறு வித்தியாசத்துக்கு அது போதுமான விளக்கம் இல்லை. ஆகவே உமிழ்நீரை அனுப்பி "டோபமைன் மரபணுப் பரிசோதனை" செய்து பையன் ஏன் கொட்டுகிறான் என்று தெரிந்துகொள்ளலாம் என்று யாராவது சொன்னால் பணத்தைக் கொடுக்காதீர்கள். அதில் வரும் முடிவை வைத்து எந்த மருத்துவரும் சிகிச்சை தர முடியாது.

ஒரே மரபணுவால் இமையே மாறிப் பிறப்பதும் உண்டு. ஃபாக்ஸ்எல்2 என்ற மரபணுவில் மாற்றம் இருந்தால் கண்பிளவு குறுகி, மேல் இமை தொங்கி, மூக்கோரத்தில் கீழிருந்து மேலாக ஒரு தோல் மடிப்போடு குழந்தை பிறக்கும். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆனால் அது பிறந்த அன்றே முகத்தில் தெரியும். எட்டு வயதில் திடீரென்று ஆரம்பிக்காது.

இனி, சொந்தத்தில் கட்டியது. கணக்கைத் திறந்து பார்த்துவிடலாம். சாதாரணமாகப் பேரனுக்குத் தாத்தாவின் மரபுப் பொருளில் நாலில் ஒரு பங்கு வரும். உங்கள் வீட்டில் தாத்தாவின் உறவு இரண்டு பக்கமும் ஓடுகிறது: அப்பா வழியில் நாலில் ஒன்று, நீங்கள் அவருடைய தங்கை அல்லது அக்காள் மகள் என்பதால் உங்கள் வழியில் இன்னும் எட்டில் ஒன்று. மொத்தம் எட்டில் மூன்று. ஆகவே பையன் தாத்தாவை உரித்து வைத்தாற்போல் இருப்பதில் வியப்பில்லை. முகச்சாயல், இமைச்சாயல், நடை எல்லாம் கூடுதலாக ஒத்துப்போகும்.

ஆனால் சாயல் வேறு, நெருங்கிய உறவுத் திருமணத்தால் வரும் ஆபத்து வேறு. அந்த ஆபத்து இப்படி வருகிறது: அப்பா அம்மா இருவரும் பழுதான ஒரே மரபணுப் பிரதியை வெளியே தெரியாமல் சுமந்து, இரண்டு பிரதியும் ஒரே குழந்தையிடம் சேர்ந்துவிடுவது. மாமன் மகன், அத்தை மகள் திருமணத்தில், குழந்தையின் குறிப்பிட்ட ஒரு மரபணுவில் இப்படி ஒரே மூதாதையின் பிரதி இரண்டாகச் சேர்வதற்கு 16இல் ஒரு வாய்ப்பு. அக்காள் மகளைத் தாய்மாமனே கட்டினால் 8இல் ஒன்று. பிறவிக் குறைபாடு என்ற வகையில் பொதுவாக நூற்றில் இரண்டு மூன்று குழந்தைகளுக்கு இருக்கும் அபாயம், மாமன் அத்தை பிள்ளைகள் திருமணத்தில் மேலும் நூற்றில் இரண்டு மூன்று அளவு கூடுகிறது. சாதாரணக் கண் கொட்டல் இந்த வகையைச் சேர்ந்தது அல்ல. அது பல மரபணுக்களின் சிறு சிறு பங்கும் சூழலும் சேர்ந்து வருவது. ஆகவே உங்கள் திருமணத்தால் மகன் கொட்டுகிறான் என்று யாரும் உங்களைக் குறை சொல்ல இடமில்லை.

அடுத்த குழந்தை விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். கண்ணைக் கொட்டுவதோடு தொடங்கும் ஒரு நோய், இரண்டு பிரதி சேர்வதால் வருவது, இந்தியக் குடும்பங்களில் நன்கு அறியப்பட்டது: பிறவிக் கண் நீரழுத்த நோய். சிஒய்பி1பி1 என்ற மரபணு இதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று. பெற்றோர் இருவரும் சுமப்பவராக இருந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு வாய்ப்பு. கைக்குழந்தை வெளிச்சத்தைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பும், கண்ணை இறுக்கி மூடும், அழாமலே கண்ணீர் வழியும், கருவிழி நாளுக்கு நாள் பெரிதாகி மங்கலாகத் தெரியும். பிறந்த குழந்தையின் கருவிழிக் குறுக்களவு ஏறத்தாழ 10 மில்லிமீட்டர். முதல் வருடத்துக்குள் 12ஐத் தாண்டினால் சந்தேகப்பட வேண்டும். "என்ன அழகான பெரிய கண்" என்று ஊரே கொஞ்சும்போது உள்ளே நரம்பு கருகிக்கொண்டிருக்கும். இதற்கு அறுவை சிகிச்சைதான் வழி, அதுவும் வாரக் கணக்கில் தள்ளிப்போடக் கூடாது. தாய்ப்பாலைக் கண்ணில் விட்டுப் பார்ப்பது, கண்ணீர்க் குழாய் அடைப்பு என்று மூக்கோரம் நீவிவிட்டுக் காத்திருப்பது எல்லாம் வேண்டாம். குழாய் அடைப்பிலும் நீர் வழியும், ஆனால் வெளிச்சத்துக்குக் கண் கூசாது, கருவிழி பெரிதாகாது. இந்த வித்தியாசத்தை மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனிப் பையன். அடிக்கடி கண் கொட்டும் பிள்ளைகளில் முதலிடம் கண் மேற்பரப்பு, இமைக் கோளாறுகளுக்கு. அடுத்தது இழுப்புப் பழக்கம், அதாவது ஓர் அசைவைத் தன்னையறியாமல் திரும்பத் திரும்பச் செய்வது. பிறகுதான் கண்ணாடி தேவைப்படுவது, கண் அவ்வப்போது வெளிப்பக்கம் விலகுவது.

வேலூர்ப் பக்கத்தில் எட்டு வயது ஆண் பிள்ளை என்றால் கண் ஒவ்வாமையை முதலில் நினைக்க வேண்டும். வெப்பமான வறண்ட ஊர்களில், ஐந்து முதல் பதினைந்து வயது வரையுள்ள பையன்களுக்கு வரும் ஒரு கடும் வகை உண்டு. வெயில் ஏற ஏற அரிப்பு கூடும், பீளை நூல் நூலாக இழுபடும், மேல் இமையைத் திருப்பினால் உள்ளே சிறு கற்களைப் பதித்தது போல் மேடுகள் இருக்கும். வீட்டில் ஆஸ்துமா, தும்மல், தோல் அரிப்பு யாருக்காவது இருக்கிறதா என்று பாருங்கள். பரம்பரையாக இறங்கி வருவது அந்த ஒவ்வாமை உடல்வாகு. இப்படிப்பட்ட பிள்ளை கண்ணைக் கசக்கினால் நாளடைவில் கருவிழி கூம்பு போல் புடைக்கும் நோய் வரலாம். கசக்க வேண்டாம் என்று திட்டுவதைவிட, சுத்தமான துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்து மூடிய இமை மேல் ஐந்து நிமிடம் வைக்கப் பழக்குங்கள். ஸ்கூட்டரில் முன்னால் நிற்க வைத்து ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். எதிர்காற்றும் புழுதியும் நேராகக் கண்ணில் அடிக்கும். ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்: மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு சொட்டு இரண்டே நாளில் அரிப்பை நிறுத்தும், அதனால் அம்மாக்கள் மாதக் கணக்கில் போடுகிறார்கள். கண் அழுத்தம் சத்தமில்லாமல் ஏறிப் பார்வை நரம்பு அழியும். மருத்துவர் எழுதிய நாள் கணக்கைத் தாண்டி ஒரு சொட்டுகூடப் போடக் கூடாது.

இழுப்புப் பழக்கத்தை, ஆங்கிலத்தில் டிக் என்பதை, இப்படி அடையாளம் காணலாம். சொன்னால் கொஞ்ச நேரம் அடக்க முடியும், பிறகு சேர்த்து வைத்துக் கொட்டுவான். சில வாரம் கூடும், சில வாரம் காணாமல் போகும். கண்ணிலிருந்து மூக்கைச் சுருக்குவது, தோளைக் குலுக்குவது, தொண்டையைச் செருமுவது என்று இடம் மாறும். மனம் ஒன்றி விளையாடும்போது குறையும், தூங்கும்போது பெரும்பாலும் இருக்காது. பெரும்பாலும் நாலு முதல் ஏழு வயதுக்குள் தொடங்கி, பத்து பன்னிரண்டில் உச்சத்துக்குப் போய், பிறகு தணியும். இதில் மரபின் பங்கு வலுவானது. ஒத்த இரட்டையரில் ஒருவருக்கு இருந்தால் மற்றவருக்கும் இருப்பது அதிகம். ஆனால் ஒற்றை மரபணுவைக் காட்ட முடியாது. குடும்பத்தில் விசாரிக்கும்போது "யாராவது கண் கொட்டுகிறார்களா?" என்று கேட்டால் போதாது. "சின்ன வயதில் யாருக்காவது தோள் குலுக்கும், தொண்டை செருமும் பழக்கம் இருந்ததா? ஒன்றையே திரும்பத் திரும்பச் சரிபார்க்கும், கை கழுவும் பழக்கம் உண்டா? ஓர் இடத்தில் உட்கார முடியாத பிள்ளைகள் இருந்தார்களா?" என்று கேளுங்கள். தாத்தாவின் கூடப் பிறந்தவர்களிடம், அவர் பையனாக இருந்தபோது கொட்டினாரா என்று விசாரியுங்கள். ஆமாம் என்றால், பேரனுக்கும் தாத்தாவுக்கும் பொதுவான மரபு இங்கேதான் இருக்கக்கூடும். இழுப்பு ஒரு வருடத்துக்குள் தானாக நின்றுவிடுவது அதிகம். உடலிழுப்பும் குரலிழுப்பும் சேர்ந்து ஒரு வருடத்தைத் தாண்டினால் நரம்பியல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். "கொட்டாதே, கொட்டாதே" என்று ஒவ்வொரு தடவையும் சொன்னால் கூடத்தான் செய்யும். வகுப்பு ஆசிரியரிடமும் இதைத் தனியாகச் சொல்லி வையுங்கள்.

வெயிலில் விளையாடும்போது ஒரு கண்ணை மட்டும் மூடிக்கொள்கிறான் என்றால் கண் வெளிப்பக்கம் விலகும் பழக்கம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டிவியை நெருங்கிப் போய், கண்ணைச் சுருக்கிக் கொட்டினால் கண்ணாடி.

ஒன்றைத் தவறவிடவே கூடாது. கொட்டும்போது கண் மேலே சொருகி, இமை படபடவென்று வேகமாகத் துடித்து, சில நொடி பேச்சு நின்று, கூப்பிட்டால் காதில் விழாதது போல் இருந்து, பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்கிறானா? ரயிலில் போகும்போது மரங்களுக்கிடையே விட்டு விட்டு வரும் வெயிலில் கூடுகிறதா? அப்படியானால் இது வலிப்பின் ஒரு வகையாக இருக்கலாம். பிள்ளைகளிடம் இதை டிக் என்றே வருடக் கணக்கில் நினைத்துவிடுவது உண்டு. இதற்கும் மரபுத் தொடர்பு இருக்கிறது. மூளை மின்பதிவு எடுத்தால் தெரியும், மருந்து உண்டு. உங்கள் செல்போன் பதிவில் இப்படி ஒரு துண்டு சிக்கினால் அதை அழிக்காமல் வையுங்கள்.

தாத்தாவுக்கு இரண்டு சாத்தியம் முன்னால் நிற்கிறது. ஒன்று, இமை ஓரத்து எண்ணெய்ச் சுரப்பி அடைபட்டு வரும் கண் உலர்வு. தறியில் இழையை உற்றுப் பார்க்கும்போது இமைப்பு குறையும், கண் காயும். வேலையை விட்ட பிறகு அதை ஈடுகட்டுவது போல் கொட்டல் கூடும். இதற்கு வெந்நீர் ஒத்தடம். துணியை நனைத்துப் பிழிந்து, மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துச் சூடு பொறுக்கிறதா என்று பார்த்துவிட்டு, மூடிய இமை மேல் ஐந்து முதல் பத்து நிமிடம். துணி இரண்டே நிமிடத்தில் ஆறிவிடும், திரும்பத் திரும்ப நனைக்க வேண்டும். ஆறின துணியை வைத்துக்கொண்டே இருப்பதால்தான் பலருக்குப் பலன் கிடைப்பதில்லை. உடனே மேல் இமையை மேலிருந்து கீழாகவும், கீழ் இமையைக் கீழிருந்து மேலாகவும் விரலால் மெதுவாக நீவிவிட வேண்டும். தினம் இரண்டு வேளை, குறைந்தது ஒரு மாதம். பேரனுக்கு ஒவ்வாமை என்றால் அவனுக்குக் குளிர்ந்த ஒத்தடம், தாத்தாவுக்குச் சூடான ஒத்தடம். வீட்டில் இரண்டையும் மாற்றிவிடாதீர்கள்.

இரண்டாவது சாத்தியம் இமை இறுக்கம். ஐம்பது, அறுபது வயதில் வெறும் அடிக்கடிக் கொட்டலாகத் தொடங்கி, போகப் போக இமை தானாக இறுகி மூடிக்கொள்ளும். வெயிலிலும் படிக்கும்போதும் கூடும். புருவத்தைத் தொட்டால், பாடினால், பேசினால் சற்று விடும். தூக்கத்தில் இருக்காது. ரோட்டைக் கடக்கும்போது இமை திறக்காமல் நின்றுவிட்டால் ஆபத்து. இந்த நோய் உள்ளவர்களில் ஒரு சிறு பகுதியினரின் குடும்பத்தில் தசை இறுக்கம், கழுத்துத் திருகல், எழுதும்போது கை இறுகுவது போன்றவை இருக்கும். சிகிச்சை கண்ணைச் சுற்றிப் போடும் போட்டுலினம் ஊசி. சில நாளில் வேலை செய்து மூன்று மாதம் வாக்கில் நிற்கும், பிறகு திரும்பப் போட வேண்டும். இது இரண்டு கண்ணிலும் வரும். ஒரு பக்கம் மட்டும், அதோடு அதே பக்கக் கன்னமும் வாயோரமும் இழுத்தால் அது வேறு. முகநரம்பை ஓர் இரத்தக் குழாய் அழுத்துவதால் வருவது. பரம்பரைக்கும் அதற்கும் தொடர்பு அரிது.

கொட்டல் கூடுவதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். குறைவதைச் சொல்ல இந்தப் பகுதிக்கே உரிய ஓர் அனுபவம் இருக்கிறது. தொழுநோயில் சிலருக்குக் கருவிழியின் உணர்ச்சியும் முகநரம்பின் மேல் கிளைகளும் போய்விடும். எரிச்சல் தெரியாததால் இமைக்கத் தோன்றாது, தோன்றினாலும் இமை மூடாது. கருவிழி காய்ந்து புண்ணாகிப் பார்வை போகும். 1946இல் வேலூர் வந்த டாக்டர் பால் பிராண்டும், பின்னர் 1955இல் தொடங்கிய கரிகிரி தொழுநோய் மையமும் இப்படிப்பட்டவர்களுக்கு மறுசீரமைப்பு அறுவை செய்து பேர் பெற்றார்கள். மெல்லும்போது இறுகும் நெற்றிப்பொட்டுத் தசையின் ஒரு பட்டையை எடுத்து இமைகளுக்குள் ஓட்டித் தைப்பார்கள். தாடையை இறுக்கினால் இமை மூடும். ஆனால் கண்ணில் உணர்ச்சி இல்லாததால் உடல் தானாக நினைவூட்டாது; நோயாளியே மனதில் வைத்து, அடிக்கடி பல்லைக் கடித்துக் கண்ணை நனைத்துக்கொள்ள வேண்டும். நாம் நினைக்காமலே ஒரு நாளில் பதினாலாயிரம் தடவை செய்யும் வேலையில் கண் மேற்பரப்பின் உணர்ச்சிக்கு எவ்வளவு பங்கு என்பது இதில் தெரியும். எந்த மரபணுவையும் தொடாமலே இமைப்பு போய்விடுகிறது.

மருத்துவரிடம் போகும்போது இருவரையும் ஒரே நாளில் அழைத்துப் போங்கள். வேலூர் ஆரணி ரோட்டிலுள்ள ஷெல் கண் மருத்துவமனையிலும், அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் கண் பிரிவு இருக்கிறது. நுண்விளக்கில் பார்ப்பார்கள், மஞ்சள் சாயம் தொட்டுப் படலம் எத்தனை நொடியில் உடைகிறது என்று எண்ணுவார்கள், மேல் இமையைத் திருப்பிப் பார்ப்பார்கள், உள்பக்கம் வளர்ந்த இமைமுடி இருக்கிறதா என்றும். தாத்தாவுக்குக் கீழ் இமையில் ஒரு தாள் பட்டையை ஐந்து நிமிடம் மாட்டி, எத்தனை மில்லிமீட்டர் நனைகிறது என்று அளப்பதும் உண்டு. ஐந்துக்குக் கீழே என்றால் நீர் சுரப்பது மிகக் குறைவு. அன்று காலை இருவருக்கும் எந்தச் சொட்டும் போடாதீர்கள், மை வைக்காதீர்கள். பையனின் பார்வையைச் சரியாக அளக்க, பாவையை விரிக்கும் சொட்டு போடுவார்கள். மருந்தைப் பொறுத்து ஒரு நாள் முதல் இரண்டு மூன்று நாள் வரை கிட்டத்தில் மங்கலாகத் தெரியும், வெயில் கூசும். மறுநாள் பரீட்சை இல்லாத தேதியாகப் பாருங்கள், தொப்பி எடுத்துப் போங்கள். தாத்தா சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டையையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். சளிக்கும் அரிப்புக்கும் சாப்பிடும் சில மாத்திரைகள் கண்ணீரைக் குறைக்கும், மனநோய்க்கான சில மருந்துகள் இமைப்பையே மாற்றும்.

கண்ணை ஈரப்படுத்தும் சொட்டு எழுதிக் கொடுத்தால், பெரும்பாலும் கார்பாக்சிமெத்தில்செல்லுலோஸ், ஒரு வேளைக்கு ஒரு சொட்டு போதும். கண்ணில் தங்கும் கண்ணீரின் அளவைவிட ஒரு சொட்டே பல மடங்கு பெரிது. இரண்டாவது சொட்டு கன்னத்தில் வழியத்தான் செய்யும். வேறு மருந்தும் இருந்தால் இடையில் ஐந்து நிமிடம் விடுங்கள். நாளுக்கு ஐந்தாறு தடவைக்கு மேல் போட வேண்டிய நிலை என்றால், கெடாமல் இருக்கச் சேர்க்கும் இரசாயனம் இல்லாத வகையைக் கேட்டு வாங்குங்கள். அந்த இரசாயனமே கண்ணை உறுத்திக் கொட்டலைக் கூட்டும். திறந்த புட்டியை ஒரு மாதத்துக்கு மேல் வைக்கக் கூடாது. கத்திரி வெயிலில் தகரக் கூரைக்கு அடியில், ஜன்னல் விளிம்பில் வைத்தால் அதற்கு முன்னாலேயே கெடும். மண்பானைத் தண்ணீர் இருக்கும் மூலைதான் வீட்டில் அதற்குச் சரியான இடம்.